காலி என்று நான் விட்ட இடம்

கடையை மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. இன்னும் வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். "அக்கா, பழைய லேப்டாப் ஒண்ணுக்கு எஸ்.எஸ்.டி. போடணும். ஹார்டு டிஸ்க்கை அப்படியே குளோன் எடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லாருக்கும்?" நானும் இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். ஒரு நாள் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. தொழிலுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனவர்கள்தான் அதிகம் கேட்கிறீர்கள். அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சாஃப்ட்வேரின் பெயர் முக்கியமில்லை. பெயர் வருஷத்துக்கு வருஷம் மாறும். அது எதைக் காப்பி எடுக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு வகை, இப்போது இருக்கிற ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இடத்தைக் காலி என்று விட்டுவிடும். சீக்கிரம் முடியும், சின்ன டிஸ்க்கிலும் அடங்கும். இன்னொரு வகை, டிஸ்க்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை, காலியோ இல்லையோ, இருப்பதை இருப்பது போலவே எடுக்கும். பல மணி நேரம் பிடிக்கும். அழித்த ஃபைல்களின் மிச்சம்கூட அதோடு வந்துவிடும். டிஸ்க்கே சாகக் கிடந்தால் அதற்கு வேறு வகை உண்டு, அது இந்தக் கதைக்கு வேண்டாம். இவற்றில் எதை எடுக்கலாம் என்று நம் கை முடிவு செய்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் வாழ்க்கையில் நான் அதிகம் நினைத்துப் பார்த்தது அப்படியான ஒரு நிமிஷத்தைத்தான்.

உப்பளம் என்ற பகுதியில் என் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. கடல் காற்றில் பச்சை பூத்த போர்டுகளும், பிரான்சிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பிரெஞ்சு கீபோர்டு லேப்டாப்களும் வரும். கம்பெனி வேலை அபூர்வம். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் மேனேஜர் தானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது. சந்திரசேகர் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு.

"ரொம்ப ஸ்லோவா இருக்குது மேடம். புது டிஸ்க் நானே வாங்கியாந்துட்டேன். இதுல இருக்கறத அதுக்கு மாத்திக் குடுத்துடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?"

"நாளைக்கு வாங்கிக்கிறீங்களா சார்? நிதானமா பண்ணிடுவேன்."

"இல்ல மேடம். கையோட எடுத்துட்டுப் போவணும். நான் இங்கயே ஒக்காந்திருக்கேன்." பிறகு சற்று விட்டு, "எங்ககிட்ட இன்னும் பன்னெண்டு லேப்டாப் இருக்குது. இது நல்லபடியா முடிஞ்சா எல்லாம் இங்கதான் வரும்," என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். கை வைக்கும் இடத்தில் கிரீஸ் கறை. மூடியில் 'மெயின்டெனன்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர். அதன் கீழே வெள்ளை டேப் ஒட்டி, பால் பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'ஜாபர். தொடாதீங்க.'

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பழையது ஐந்நூறு ஜி.பி., அதில் தொண்ணூறு நிரம்பியிருந்தது. அவர் வாங்கி வந்த புதியது அதில் பாதி அளவு. குளோன் எடுத்த பிறகு எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, முன்கூட்டியே நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்துக்கொள்வது என் வழக்கம். கடைசியாகப் பயன்படுத்திய ஃபைல்களின் பட்டியலில் முதலாவதை அழுத்தினேன். 'மெஷின் கம்ப்ளெயின்ட் ரெஜிஸ்டர்' என்று பெயர். திறக்கவில்லை. ஃபைல் அந்த இடத்தில் இல்லை என்று வந்தது. ரீசைக்கிள் பின்னைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"சார், ஒரு ரெஜிஸ்டர் ஃபைலைக் காணோம். தவறிப்போய் அழிச்சிருப்பாங்க போல. தேடிப் பார்க்கட்டுமா? எடுத்துடலாம்."

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "அது வேணாம் மேடம். பழசு. நாங்கதான் எடுத்துட்டோம்."

சரி என்றேன். ஆனால் பழையது என்றால் பட்டியலில் முதலில் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. பிறகு வந்ததாகச் சொன்னால் அது பொய்.

கம்பெனி லேப்டாப் எதுவானாலும் பழைய டிஸ்க்கை முழுதாக ஒரு பிரதி எடுத்து என் கடையின் பெரிய டிஸ்க்கில் ஒரு மாதம் வைத்திருப்பேன். யாராவது பதறிக்கொண்டு திரும்பி வருவார்கள் என்பதால் நானே வைத்துக்கொண்ட பழக்கம். அன்றைக்கு அதைச் செய்தால் மத்தியானம் மூன்று மணியாவது ஆகும். அவரோ பன்னிரண்டு என்றார். புது டிஸ்க்கும் சின்னது, முழுப் பிரதி அதில் அடங்காது. ஆகவே இருக்கிற ஃபைல்களை மட்டும் எடுக்கும் சாஃப்ட்வேரைப் போட்டேன். யார் கேட்டாலும் அது சரியான தேர்வுதான். பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும்.

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. புது டிஸ்க்கைப் பொருத்தி ஓட விட்டுக் காட்டினேன். அவர் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கைத்தான் பார்த்தார்.

"இதை அழிச்சிக் குடுத்துடுங்க மேடம். கம்பெனி டேட்டா இல்லியா, வெளிய போவக்கூடாது."

"ஃபார்மேட் பண்ணித் தந்துடறேன் சார்."

"ஃபார்மேட் பண்ணா திரும்ப எடுத்துடலாம்னு சொல்றாங்களே."

"எடுக்கலாம்தான். எடுக்க முடியாத மாதிரியும் பண்ணலாம். முழுக்கப் பூஜ்யம் எழுதிட்டா யாராலயும் எடுக்க முடியாது."

"உங்களாலயுமா?"

"என்னாலயும் முடியாது சார்."

இதைச் சொல்லும்போது எனக்குள் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அது வரும். பன்னிரண்டு மணிக்குள் முடியவேண்டும் என்று அவசரப்பட்டவர், அந்த அழிப்பு வேலை முடிய மத்தியானம் ஒன்றரை மணி ஆனபோதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதுவும் என் கண்ணில் பட்டது. டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம், சீக்கிரமே வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற பன்னிரண்டு லேப்டாப்பும் வரவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு முற்பகல், ஒரு ஆணும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையின் வலது கை முழங்கைக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, என் பேரு ஜாபர். இது என் வீட்டுக்காரங்க, நஸீமா. தட்டாஞ்சாவடியில மூடி பண்ற கம்பெனில ஃபிட்டரா இருந்தேன். எங்க மெயின்டெனன்ஸ் லேப்டாப் உங்ககிட்ட வந்துச்சுன்னு அங்க வேலை செய்யற ஒருத்தர் சொன்னாரு."

தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கியது என்று நாலு வரிச் செய்தி பேப்பரில் வந்திருந்தது. அந்த லேப்டாப் வந்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில். படித்திருந்தேன். கம்பெனி பெயர் அதில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் நின்றபடியே சொன்னார். மூடி வார்க்கும் இயந்திரத்துக்கு ஒரு கதவு உண்டு. கதவு திறந்திருந்தால் அச்சு மூடக்கூடாது. அதைத் தடுப்பது ஒரு சின்ன சுவிட்ச். அந்த சுவிட்ச் கெட்டுப்போய், கதவு எப்போதும் மூடியிருப்பது போல இயந்திரத்தை நம்ப வைக்க ஒரு ஒயரை முறுக்கி விட்டிருந்தார்கள். ஆர்டர் முடியட்டும், அப்புறம் மாற்றலாம் என்று. புது சுவிட்ச் வேண்டும் என்று ஜாபர் மூன்று தடவை ரெஜிஸ்டரில் பதிந்திருக்கிறார். சனிக்கிழமை காலை உள்ளே ஒட்டிக்கொண்ட மூடியை எடுக்கக் கை விட்டபோது அச்சு மூடிவிட்டது.

"இப்ப நான்தான் அந்த ஒயரைக் கட்டுனேன்னு சொல்றாங்கக்கா. வேலை சீக்கிரம் முடியணும்னு நானே பண்ணிட்டேனாம். ரெஜிஸ்டரைக் காட்டுங்கன்னு கேட்டா, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, லேப்டாப்பே மாத்திட்டோம்ங்கறாங்க. பழைய டிஸ்க் உங்ககிட்ட இருக்குதா? இல்ல காப்பி ஏதாவது?"

அடுத்து நான் சொன்னது இது: "தம்பி, கஸ்டமர் விஷயத்தை நாங்க வெளிய சொல்லக்கூடாது."

நம் தொழிலில் அது நல்ல விதி. நல்ல விதிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஜாபர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். நஸீமாதான் நகரவில்லை.

"அந்த லேப்டாப்புல இவரு பேரு எழுதி ஒட்டியிருந்துச்சா? அதையாச்சும் சொல்லுங்கக்கா. நாங்க வேற எதையோ நெனச்சி அலையறமோன்னு இருக்குது."

நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை டேப்பில் ஜாபரின் பெயர் இருந்தது, ரெஜிஸ்டரின் பெயரைப் பார்த்தது, தேடித் தரட்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்று அவர் சொன்னது, நான் காப்பி எடுக்காமல் விட்டது, அழித்துக் கொடுத்தது.

ஜாபர் ஒரு ஃபிட்டர் கேட்பது போலத்தான் கேட்டார். "அழிச்ச ஃபைல், புது டிஸ்க்குக்குப் போயிருக்காதா?"

"போயிருக்காது தம்பி. இருக்கற ஃபைலை மட்டும் எடுக்கற சாஃப்ட்வேர் அது. அழிச்சதைக் காலி எடம்னு விட்டுடும்."

"பழைய டிஸ்க்குல?"

"நான் அழிக்கற வரைக்கும் இருந்திருக்கும். தேடியிருந்தா அரை மணி நேரத்துல எடுத்திருப்பேன்."

"இப்ப?"

"ஒண்ணுமில்ல."

"சரிக்கா," என்றார். திட்டியிருந்தால் தேவலை. நஸீமா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு இருவரும் போனார்கள்.

என் வேலைச் சீட்டில் எல்லாம் இருந்தது. தேதி, நேரம், கொண்டு வந்தவர் பெயர், 'பழைய டிஸ்க் முழுவதும் அழித்துத் தரப்பட்டது, கஸ்டமர் கேட்டபடி' என்று என் கையெழுத்து. அழிக்கும் சாஃப்ட்வேர் எழுதி வைத்த பதிவும் என் பென் டிரைவில் இருந்தது. விபத்து நடந்து இரண்டே நாளில் அந்த டிஸ்க் அழிக்கப்பட்டது என்பதற்கு அவை போதும் என்று நினைத்தேன். ஜாபரைக் கூப்பிட்டு, அவருடைய நஷ்டஈட்டு விசாரணைக்கு நான் வருகிறேன் என்றேன்.

எப்படியோ செய்தி போய்விட்டது. சந்திரசேகர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "மேடம், நீங்க நல்லபடியா கடை நடத்தறீங்க. கஸ்டமர் டேட்டாவைப் பத்தி வெளிய பேசற கடைன்னு பேரு வந்துட்டா அப்புறம் யாரு லேப்டாப் குடுப்பாங்க? யோசிச்சிப் பாருங்க." யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன், சரியாகச் சாப்பிடாமல். அவர் சொன்னதில் தவறில்லை, அந்தப் பேர் வரத்தான் செய்தது. போனேன்.

விசாரணை அறையில் ஒரு நீண்ட மேசை. ஒரு பக்கம் ஜாபரும் நஸீமாவும், எதிர்ப்பக்கம் சந்திரசேகரும் கம்பெனி வக்கீலும். விசாரணை அதிகாரி பொறுமையான மனிதர். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு வக்கீல் கேட்டார்.

"அந்த ரெஜிஸ்டரை நீங்க திறந்து படிச்சீங்களாம்மா?"

"இல்லீங்க. பேரை மட்டும் பார்த்தேன்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அது எந்தத் தேதியில அழிஞ்சிது?"

"நான் பார்க்கலீங்க."

"புது டிஸ்க் போட்டதும் பழசை அழிச்சிக் குடுங்கன்னு உங்ககிட்ட வேற யாரும் கேட்டதே இல்லியா?"

கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேர். "கேட்பாங்க," என்றேன்.

"அப்ப இது வழக்கமா நடக்கறதுதான்."

"ஆமா. ஆனா..."

"போதும்மா. தேங்க்ஸ்."

நான் எடுக்காமல் விட்ட காப்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்: டிஸ்க் சின்னது, நேரம் இல்லை. அந்தப் பதிலை நானே எத்தனை தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

ஒயரைக் கட்டியது யார் என்று நிரூபிக்க முடியவில்லை, இரண்டு தரப்பிலும் கவனக்குறைவு என்று முடிவு வந்தது. ஃபிட்டருக்கு விதி தெரியும் என்பதால் அவர் பங்கு கொஞ்சம் கூடுதல் என்றும் இருந்தது. இதற்கிடையே அந்தத் தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களுக்கும் புது சுவிட்ச் போட்டுவிட்டார்கள். விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள்ளேயே போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜாபர் மூன்று தடவை கேட்டது அதைத்தான்.

அதற்குப் பிறகு கடையை நடத்திய வருஷங்களில், முழுப் பிரதி எடுக்காமல் ஒரு டிஸ்க்கையும் நான் தொட்டதில்லை. பழையதை உடனே அழிக்கச் சொன்னால், ஒரு மாதம் உங்களிடமே பத்திரமாக வைத்திருங்கள், பிறகு வாருங்கள், அழித்துத் தருகிறேன் என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள், அவசரக்காரர்கள், அவ்வளவே. இந்த லேப்டாப்பை வேறு யாராவது பயன்படுத்தினார்களா, இதில் இருப்பது அவர்களுக்கும் வேண்டியதா என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். கொண்டு வருபவர்தான் கஸ்டமர், சரி. ஆனால் உள்ளே இருப்பது எப்போதும் அவருடையது மட்டும் அல்ல. இதனால் ஜாபருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. உங்களுக்காவது பயன்படட்டும்.

உங்களில் சிலர் சொல்வீர்கள், நமக்கு என்ன தெரியும் அக்கா, நாம் டெக்னீஷியன்தானே என்று. எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு முழு வாக்கியமாகத் தெரியவில்லை, ஒரு உறுத்தலாகத் தெரிந்தது. நம் வேலையில் பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும். முழு வாக்கியமாகத் தெரியும்போது, அழிப்பு எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு நூறு சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

விசாரணை நாளில் கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வாக்குமூலம் கொடுத்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன், சந்திரசேகர் போட்டார். ஜாபரின் முறை வந்தபோது அங்கிருந்த குமாஸ்தா நல்ல எண்ணத்தோடுதான் மைப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "இடது கை பெருவிரல் வெச்சா போதும்ப்பா."

ஜாபர் பெட்டியை மூடினார். "எழுதறேன் சார்."

இடது கையில் பேனாவைப் பிடித்தார். காகிதம் நகர்ந்தது. நஸீமா எழுந்து வந்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அறையில் எல்லோரும் காத்திருந்தோம். முதல் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதை அடிக்காமல் அடுத்ததை எழுதினார். நெற்றியில் வியர்த்திருந்தது. மூன்று எழுத்து முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, வக்கீல் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

எழுதி முடித்ததும் அந்தக் காகிதத்தை அதிகாரி பக்கம் தள்ளவில்லை. என் பக்கம் திருப்பினார்.

"படிக்க வருதாக்கா?"

குனிந்து பார்த்தேன்.

"வருது தம்பி," என்றேன்.